நாற்பத்திரண்டு பேரின் ரத்தம்

மாதத்தின் கடைசி நாள் காலையில் அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. சமையலறைத் தரையைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் பழைய செய்தித்தாள்களை விரித்து, அவற்றின்மேல் ஸ்லைடு என்கிற மெல்லிய கண்ணாடித் துண்டுகளை அடுக்குவார் அவள் கணவர். வரிசைக்கு ஆறாக ஏழு வரிசை. பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, ஊசிப் பொட்டலம், பென்சில், பெயர்கள் எழுதிய பதிவேடு. எல்லாம் வைத்தான பிறகு வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, "வா" என்பார். அவள் எதிரில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவாள். நாற்பத்திரண்டு பேருடைய ரத்தமும் அந்தக் கையிலிருந்துதான் போகும்.

அன்றைக்கு அவள் எழுந்து வரவில்லை. இரண்டு போர்வைக்குள் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு கிடந்தாள். பல் கிட்டித்து, கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்தது.

"என்ன, மகாராணிக்கு இன்னும் விடியலையா?"

"குளிருதுங்க. இன்னைக்கு வேணாம். நாளைக்கு எடுத்துக்கங்க."

"நாளைக்குன்னா அடுத்த மாசம்டி. மதியத்துக்குள்ள ஸ்லைடுப் பெட்டி லேப்புக்குப் போய்ச் சேரணும்."

"இது மூணாவது தடவை. முந்தாநாள் இதே நேரம். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் இதே நேரம்." அவள் போர்வையை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "ஒருநாள் விட்டு ஒருநாள், கடிகாரம் பார்த்து வந்தா அது என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

பதில் கன்னத்தில் விழுந்தது.

"இந்த ஏரியாவுல மலேரியா இல்ல. மூணு வருஷமா இல்ல. எழுத்துல இருக்கு. நீ புதுசா கொண்டாந்து வைக்காத."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அவர் கண்ணில் தெரிந்தது நம்பிக்கை. தன் கையால் எழுதிய பூஜ்யத்தை மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து, அந்த மனிதர் அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

பின்னலைப் பிடித்து இழுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனார். அவள் கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தரையில் தள்ளி, அவள் மணிக்கட்டின்மேல் தன் முழங்காலை ஊன்றிக்கொண்டார். கை நடுங்கியதில் முதல் ஊசி தவறி நகக்கண்ணில் இறங்கியது. அவள் அலறினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று பஞ்சுப் பொட்டலத்தை வாயில் அமுக்கினார்.

"ஆடாத. ஆடினா எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம்."

அடுத்த குத்தில் ரத்தம் ஒழுங்காக முட்டிக்கொண்டு வந்தது. வழக்கமாக அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று பார்த்தாள். சிறிய, உருண்டையான துளி. அதற்குள் இருக்கிறது, என்று நினைத்தாள். எப்படியும் இதை லேப் அம்மா பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கப் போகிறாள். நான் சொன்னால்தானே அடி. கண்ணாடி சொல்லட்டும்.

உடம்பைத் தளர்த்திவிட்டாள். ஒரு குத்துக்கு மூன்று ஸ்லைடு, பதினாலு குத்து. காது மடலில் இரண்டு. அவர் ஒவ்வொரு துளியையும் கண்ணாடியில் வட்டமாகத் தேய்த்து, பக்கத்தில் இன்னொன்றை நாக்குப்போல் மெல்லிசாக இழுத்து, பென்சிலால் எண் எழுதினார். தையல்காரர், தையல்காரரின் அப்பா, பேக்கரி வீட்டு மருமகள், பஞ்சர் கடைக்காரர். நாற்பத்திரண்டு பேரும் அவள் நடுக்கத்தோடு பெட்டிக்குள் போனார்கள்.

*

தெருவில் அவருக்குக் காய்ச்சல்காரர் என்று பேர். பதினேழு வருடத்துக்கு முன்னால் அது மரியாதையான பேர்.

அப்போதெல்லாம் மழை விட்ட பதினைந்தாம் நாள் வீட்டுக்கு ஒருவராவது சுருண்டு படுத்திருப்பார்கள். காய்ச்சல்காரர் முதுகில் மருந்து டிரம்மோடு, சைக்கிளின் பின்னால் எண்ணெய் டின்னோடு, தேங்கிய தண்ணீர் ஒவ்வொன்றையும் தேடிப் போனார். குழியில் எண்ணெய் ஊற்றினார். சுவர்களில் மருந்து அடித்தார். வாலைத் தூக்கிக்கொண்டு உட்காரும் கொசுதான் திருடன் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவை கூட்டமாக வந்து, "மாமா, எங்க வீட்டுச் செவத்துல ஒரு திருடன்!" என்று கையைப் பிடித்து இழுக்கும். முதல் வருடம் அறுநூற்றுச் சொச்சம் பேருக்குக் காய்ச்சல். சுகாதார நிலையச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில் அதற்கு ஒரு சிவப்புத் தூண் வரைந்தார். மறு வருடம் அதைவிடக் குட்டையாக இன்னொன்று. ஆறு வருடத்தில் அந்தப் படம் படிக்கட்டு இறங்குவதுபோல் கீழே வந்து சேர்ந்தது. அது முழுக்க உண்மை. மருந்து வாடை அடிக்கும் அவர் சட்டையை வாங்கித் துவைக்கப் போடும்போது அவளுக்கு ஏற்பட்ட கர்வமும் உண்மை.

காய்ச்சல் போனதும் ஜனங்கள் ரத்தச் சோதனைக்கு விரல் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

"நல்லா இருக்கிறவனை எதுக்குய்யா வந்து குத்துறே? வேற வேலை இல்லையா?" என்றார் பஞ்சர் கடைக்காரர். பேக்கரி வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் மேலிடத்தில் காய்ச்சல் குறைந்ததற்காக ஸ்லைடைக் குறைக்கவில்லை. மாதம் நாற்பத்திரண்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒரு மாதக் கடைசியில் அவர் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தன் விரலில் தானே குத்திப் பார்த்து, ரத்தத்தைக் கண்டதும் மயங்கிச் சரிந்தார். ஊரையே குத்தினவர்! அவள் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், "என் விரல் இருக்கே" என்றாள் அவள்.

அவரை எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறாள், எத்தனையோ தடவை மன்னிக்காமலும் இருந்திருக்கிறாள். அந்த மூன்று சொல்லை மட்டும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு கரண்டி சோறு போடட்டுமா என்று கேட்பதுபோல அல்லவா சொன்னாள்.

முதல் மாதம் மூன்று ஸ்லைடு. குத்திய இடத்தில் ஊதிவிட்டார். அப்புறம் பத்து, இருபது. ஊதுவது நின்றது. அப்புறம் நாற்பத்திரண்டும். அவள் நேரம் கடத்தினால் அதட்டல், அதட்டலுக்கு மசியாவிட்டால் அடி. மாதத்தின் முதல் வாரம் முழுக்க மிளகாய்த் தூளைத் தொட முடியாது, உப்பைத் தொட முடியாது. ஊசியில் நூல் கோக்கும்போது நூல் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அவளுக்கு மலேரியா இல்லை, ஆகவே அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. சுவரில் இருந்த படம் தரையோடு தரையாகப் படுத்தது. அடுத்த மாதம் பெரிய விழா. மலேரியா ஒழிந்த பகுதி என்று அறிவிக்கப் போகிறார்கள். காய்ச்சல்காரருக்கு மேடையில் நாற்காலி.

*

அவர் பெட்டியைக் கொடுக்கப் போயிருந்தபோது, உச்சி வெயிலில், கல் லாரியிலிருந்து இறங்கி வந்தாள் தங்கை. ஊருக்கு அப்பால் கல்குவாரியில் தகரக் கொட்டகையில் இருப்பவள். தோளில் நாலு வயது மகள் துணிமூட்டைபோல் தொங்கினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் இவள் அங்கே போய் இரண்டு நாள் தங்கியிருந்தபோது, "பெரியம்மா, எங்க வீட்டு ஓட்டையில வானம் தெரியுது பாரு" என்று கையைப் பிடித்து இழுத்த குழந்தை.

"மாமா எங்கக்கா?"

"இப்ப வந்துடுவாரு. குழந்தைக்கு என்ன?"

"கொதிக்குது. தொட்டுப் பாரு. நேத்துலேர்ந்து என்னையே யாருன்னு பாக்குறா." தங்கை சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "ரெண்டு புள்ளைங்க போயிடுச்சுக்கா. கம்ப்ரசர் ஓட்டுறவர் மகன் காலையில விளையாடினான், பொழுது சாயறதுக்குள்ள வலிப்பு வந்து போயிட்டான். அடுத்த கொட்டகையில ஒரு பொண்ணு. இன்னும் இருபது பேர் படுத்திருக்காங்க. வெடி வச்ச பள்ளம் பூராத் தண்ணி நிக்குது, கொசு மொய்க்குது."

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"போகாம? அந்த டாக்டர் செவத்தைக் காட்டுறாரு. 'இந்தப் படத்தைப் பாரும்மா, மூணு வருஷமா இங்க ஒருத்தருக்குக்கூட இல்ல'ங்கறாரு. சிரப் குடுத்தாரு. வாந்தி எடுத்துட்டா."

இவளுக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. குளிர் விட்டு, சூடு வந்து, இப்போது வேர்வை. மூன்றும் வரிசை தவறாமல். குழந்தையின் நெற்றியில் கையை வைத்தாள். எந்தச் சூடு யாருடையது என்று தெரியவில்லை.

காய்ச்சல்காரர் பன் பொட்டலத்தோடு நல்ல மனநிலையில் வந்தார். பெட்டி போன நாளில் எப்போதும் அப்படித்தான்.

"அடடே, கருங்கல் சீமாட்டி! என்ன இந்தப் பக்கம்?"

"மாமா, பாப்பாவுக்கு ஒரு குத்து குத்திப் பாருங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

குழந்தையின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே வயிற்றை விரலால் அமுக்கினார். ஆறு வருடம் உண்மையாக உழைத்த விரல். அது வீங்கிய மண்ணீரலைக் கண்டுபிடித்துவிட்டதை இவள் பார்த்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வெயில் காய்ச்சல். பாறைச் சூடு. மாத்திரை தர்றேன், ஈரத் துணி போடு."

"வெயில்ல ரெண்டு புள்ளை சாகுமா?"

"குவாரியில மலேரியா கிடையாது. நான் வந்து பார்க்கிற இடம்."

"நீங்க வந்து பார்க்கிற இடமா?" தங்கை எழுந்துவிட்டாள். "எப்ப வந்தீங்க? வந்து பார்த்ததுக்கு அடையாளமா கொட்டகைக் கதவுல தேதி எழுதணும்ல? தைமாசம் ஒருநாள் வந்து, வர்ற பன்னெண்டு மாசத்துக்கும் சேர்த்துத் தேதி எழுதிட்டுப் போனீங்களே! எங்க புள்ளைங்க அதைப் பார்த்துத்தான் மாமா காலண்டர் படிக்குதுங்க!"

"வாயை அடக்கு."

"வராத மாசத்துக்கும் வந்தேன்னு எழுதுறவருக்கு, இருக்கிற காய்ச்சலை இல்லைன்னு எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

"இப்போ அங்கேர்ந்து ஒண்ணு வந்தா மொத்தமும் பொய்யாயிடும்டி! பதினேழு வருஷம்!"

"ஆகட்டுமே! எம் புள்ளையைவிடப் பெருசா உங்க செவத்துப் படம்?"

அவர் தங்கையைத் தள்ளினார். தலை கதவு நிலையில் மோதியது. குழந்தை தரையில் விழுந்தது, அழவில்லை. தங்கை பித்தளைச் சொம்பை எடுத்து அவர் புருவத்தில் ஓங்கி அடித்தாள். ரத்தம் கண்ணுக்குள் வழிந்ததும் அவர் பதறிப்போய், கண் தெரியாமல், காலால் உதைத்தார். ஒன்று தங்கையின் வயிற்றில் பட்டது. அவள் மடங்கி, தரையில் ஊர்ந்து, குழந்தையை அள்ளிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"நீ ஏதாவது சொல்லேன்."

சொல்ல இருந்தது ஒரே ஒரு வாக்கியம். காலையில் போன நாற்பத்திரண்டும் என் ரத்தம், எனக்கு இது வந்திருக்கிறது, உங்கள் குவாரியிலிருந்துதான் வந்திருக்கிறது. அது தொண்டை வரைக்கும் வந்தது. அடிக்குப் பயந்துதான் நிறுத்தினாளா? இல்லை என்று பிறகு தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். அந்தப் பூஜ்யத்தில் அவளுக்கும் பங்கு இருந்தது. பதினோரு வருடம் வலித்து வலித்து உண்டாக்கியது அது. தன் வாயால் அழிக்க மனம் வரவில்லை. ரெண்டு நாளில் லேப் அம்மா பார்த்துவிடுவாள். பார்த்தால் மருந்து தானாக வரும்.

"கஞ்சி இருக்கு, குடிச்சிட்டுப் போ" என்றாள்.

தங்கை அவள் முகத்தில் துப்பிவிட்டு லாரிக்குப் போனாள்.

*

மருந்து வந்தது. மூன்றாம் நாள் காலை, இரண்டு ஜீப்பில், புகையடிக்கும் இயந்திரத்தோடு. குவாரிக்கு அல்ல; அவள் தெருவுக்கு.

மாவட்ட ஆபீசர் ஜீப்பின் முன்பக்கத்தில் பட்டியலை விரித்துப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். தையல்காரர் வாயில் ஊசியோடு வந்து நின்றார். பேக்கரி மருமகள் மாவுக் கையோடு. நன்றாக இருக்கும் மனிதர்களின் கையில் மாத்திரை அட்டையைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரர், புருவத்தில் பிளாஸ்திரியோடு, ஆபீசருக்குப் பின்னால் கை கட்டி நின்றார். முகத்தில் உயிரே இல்லை.

லேப் அம்மா பின்கட்டு வழியாக வந்தாள். இருபது வருடமாக ஒரு கண்ணை மூடியே பார்த்துப் பழகி, பேசும்போதும் இடது கண் பாதி மூடியிருக்கும். தண்ணீர் கேட்டாள். சொம்பு நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சத்தில் விரல் நுனிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சல்லடை மாதிரில்ல இருக்கு! மாவு சலிக்கலாம்போல."

அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"நாப்பத்திரண்டும் பாசிட்டிவ். என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. மழை கொட்டினாலும் ரெண்டு பேராவது குடை வச்சிருப்பான்ல? எண்ணிப் பார்த்தேன். இருநூறு வெள்ளையணுவுக்கு எத்தனை கிருமின்னு ஒவ்வொண்ணா. எல்லாத்துலயும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. அப்பனும் மகனும்கூட அப்படி ஒத்துப்போக மாட்டாங்கம்மா."

"இத்தனை வருஷம் தெரியலையா உங்களுக்கு?"

லேப் அம்மாவின் மற்றக் கண்ணும் மூடிக்கொண்டது. "ஒண்ணுமில்லாத ஸ்லைடு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும். தினம் நூறு வருது. நானும் சுருக்கா முடிச்சிட்டு வீட்டுக்குப் போனவதான். அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப சொல்லு. உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"குவாரி. அங்க ரெண்டு குழந்தை... எந்தங்கச்சி மக படுத்திருக்கா."

"ஐயோ பாவி. இது மூளைக்கு ஏறுற ஜாதி. மாவட்டத்துல இருந்ததே அறுபது அட்டைதான். அடுத்த லோடு வர அஞ்சு நாள் ஆகும். நாப்பத்திரண்டை இந்தத் தடிப் பசங்களுக்குக் குடுத்துட்டா..."

"என்னம்மா பேச்சு உள்ளே?"

காய்ச்சல்காரர் வாசலில் நின்றார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மனைவியின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்.

"சொல்லிட்டியா? சொல்லிட்டியா?"

அவள் கால் தரையை விட்டுக் கிளம்பியது. கண்ணுக்குள் கறுப்பு கறுப்பாகப் பூச்சி பறந்தது. லேப் அம்மா உலக்கை கட்டை எதுவும் கிடைக்காமல், தன் குடையை மடக்கி அவர் முதுகில் மாறி மாறிச் சாத்தினாள். "விடுய்யா! விடு! கொலைக் கேஸ் ஆயிடும்!" குடைக் கம்பி ஒடிந்தது. அவர் பிடி தளர்ந்தது அடியால் அல்ல. அவரே உடைந்துபோய்க் கீழே உட்கார்ந்தார். மனைவியின் இரண்டு பாதத்தையும் கட்டிக்கொண்டார்.

"அஞ்சு நாள் பொறுத்துக்கடி. அடுத்த லோடு வந்ததும் நானே சைக்கிள்ல எடுத்துக்கிட்டு ஓடுறேன். சத்தியமா. முதல் ஆறு வருஷம் பொய் இல்லையே. அது உனக்குத் தெரியுமே. உனக்கு மட்டும்தானே தெரியும்."

தெரியும். அவர் தலைமயிரில் நரை அதிகமாகியிருந்தது. மருந்து வாடை வீசிய அந்தப் பழைய மனிதர் இதற்குள் எங்கோ இருக்கிறார் என்பதும் தெரியும். அவருக்காக ஒரு நிமிடம் நின்றாள். அந்த ஒரு நிமிடத்தை அவரிடமிருந்து அவள் பிறகு திரும்பக் கேட்கவில்லை. காலை உருவிக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்கி வெளியே போனாள்.

"ஐயா, குடுக்காதீங்க. அது இவங்க ரத்தம் இல்ல. என்னோடது."

ஆபீசர் நிமிர்ந்தார். "எதும்மா?"

"நாப்பத்திரண்டும். காய்ச்சல் எனக்குத்தான். இவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. சாகறவங்க குவாரியில இருக்காங்க. மருந்தை அங்க கொண்டு போங்க."

தெருவுக்கு உடனே விளங்கவில்லை. தையல்காரர்தான் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஆபீசர் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

"இது எங்கப்பா பேரு."

"ஆமா, அவருக்கும் பாசிட்டிவ். எங்கே அவர்?"

"போன வருஷம் தீ வச்சோம் அவருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னால் தையல்காரர் அவள் வீட்டுக்குள் பாய்ந்தார். "எங்கப்பன் ரத்தத்தை எடுத்தியாடா? சுடுகாட்டுல போயா குத்தின?" பின்னாலேயே பஞ்சர் கடைக்காரர், பேக்கரிக்காரர், பேர் இருந்தவர்கள், பேர் இல்லாதவர்கள். காய்ச்சல்காரரைச் சட்டையோடு இழுத்துத் தெருவில் போட்டார்கள். முதலில் செருப்பு. அப்புறம் டயர் கழற்றும் இரும்புக் கம்பி. முழங்கையில் அது விழுந்த சத்தம், காய்ந்த விறகை முறிப்பதுபோல் இருந்தது. விரல் கேட்டு வந்தபோது நாயை அவிழ்த்துவிட்ட அதே ஆட்கள். தங்களை ஏமாற்றிவிட்டான் என்று அடித்தார்கள். அவர் முகத்தை மூடாமல் தலையை மட்டும் மூடிக்கொண்டு, "அஞ்சு நாள், அஞ்சு நாள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபீசர் பட்டியலை மடித்துக்கொண்டு, "மேலே கேட்கணும்... எழுத்துல வாங்கணும்..." என்றார். லேப் அம்மா அவரை முழங்கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள்.

"எழுத்துல இருந்ததாலதான் ஐயா இந்தக் கதி. ஏறுங்க. இன்னொரு ஜீப்பு இங்க நிக்கட்டும், அந்தாளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டும், உயிர் இருந்தா."

கொடுத்த ஒன்பது அட்டையை லேப் அம்மா பிடுங்கிப் பிடுங்கி வாங்கினாள். பேக்கரி மருமகள் மட்டும் ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, "எனக்குன்னு பேர் எழுதிக் குடுத்தது, தரமாட்டேன்" என்று உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் ஜீப்பின் பின்னால் மாத்திரைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி திரும்பியது. தெருமுனை வரைக்கும் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒரு கை தெரிந்தது. உள்ளங்கை மேலே பார்த்து, விரித்தபடி. இறங்கிப் போய் அந்தக் கையை எடுக்க வேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. உடம்பு சொன்னதைக் கேட்டுத்தான் பதினோரு வருடம் கையை நீட்டினேன் என்று நினைத்தாள். பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

*

குவாரி வாசலில் வண்டியை மறித்தார்கள். இருபது பேர், கடப்பாரையும் சம்மட்டியுமாக. வெள்ளைத் தூசி படிந்த முகத்தில் கண் மட்டும் சிவப்பு. முன்னால் நின்றவன் தங்கையின் புருஷன், வெடி வைக்கிறவன். காலையில் மூன்றாவது குழந்தையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"யாரோடது?" என்று அவள் கத்தினாள். "எந்தக் குழந்தை?"

அவன் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். "அவன் எங்கே? இறக்குங்க அவனை."

"அவர் வரல. நான்தான் வந்திருக்கேன்."

கடப்பாரை ஜீப்பின் கண்ணாடியில் இறங்கியது. சில்லுகள் ஆபீசரின் மடியில் கொட்டின. வெடிக்காரன் அவளைக் கையைப் பிடித்து இழுத்து இறக்கினான். சரளையில் முழங்கால் கிழிந்தது. அவன் கடப்பாரையை ஓங்கிய இடத்தில் லேப் அம்மா மைக்ராஸ்கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"அடிக்கிறதுன்னா எல்லாரையும் அடிச்சு முடி. அப்புறம் யாருக்கு எந்த அளவு மாத்திரைன்னு நீயே பிரிச்சுக் குடு. தெரியுமா உனக்கு?"

அவன் கை அந்தரத்தில் நின்றது. சம்மட்டியோடு நின்ற ஒருவர், கம்ப்ரசர் ஓட்டுகிறவராக இருக்க வேண்டும், திடீரென்று தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள்.

தகரக் கொட்டகைக்குள் அடுப்புக்குள் நுழைந்ததுபோல் சூடு. தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் பாதி திறந்திருந்தது. ஈ வந்து உட்கார்ந்தும் இமைக்கவில்லை. நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது.

"விடிஞ்சதிலேர்ந்து சத்தமே இல்ல" என்றாள் தங்கை, யாரையும் பார்க்காமல். அப்புறம் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. "நீ எதுக்கு வந்தே? கஞ்சி கொண்டாந்தியா?"

"முதல்ல ஒரு துளி எடுத்துக்கணும், உடனே மாத்திரை" என்றாள் லேப் அம்மா. அவள் வெளியே நின்ற கல் லாரியின் பின்பலகையில் சாயத்தையும் கண்ணாடியையும் பரப்பிக்கொண்டே, மாத்திரையைக் கரண்டியில் போட்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ஏம்மா, பதினோரு வருஷம் பார்த்தவதானே. நீ குத்து."

அவள் வாழ்நாளில் யாரையும் குத்தியதில்லை. ஊசியைப் பிரித்தாள். அவளுடைய நேரமும் வந்துகொண்டிருந்தது. முதுகுத் தண்டில் குளிர் ஏறத் தொடங்கியிருந்தது. இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் விரல் சோளத் தட்டையைப்போல் மெலிந்து, கொதித்தது. குத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. விரல் அசையவில்லை. ரத்தமும் வரவில்லை.

"தொடாத, விடு அவளை" என்றாள் தங்கை.

மறுபடி குத்தினாள். இந்தத் தடவை ஆழமாக, வேண்டுமென்றே, வலிக்கட்டும் என்று. தனக்கு எந்த இடத்தில் குத்தினால் தாங்க முடியாதோ, விரலின் அந்தப் பக்கவாட்டில்.

குழந்தை வீரிட்டது. உலர்ந்த, கரகரத்த, கோபமான அழுகை. கையைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தது. உதைத்தது.

தங்கையின் கை அக்காவின் முகத்தில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. "அழறா" என்று சொன்னாள், அடித்தாள். "அக்கா, அழறாக்கா" என்று சொன்னாள், அடித்தாள். உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கண்ணாடியை நடுங்காமல் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் துளியை அதில் தொட்டு வைத்து, இன்னொரு கண்ணாடியின் மூலையால் வட்டமாகத் தேய்த்தாள்.